நாற்பத்தொன்றாம் காட்சியில் ஒரு நாட்காட்டி

1

இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எகோன் வாஷ்கெ தன் வாழ்க்கையின் மிக மோசமான கால் மணி நேரத்தை, எனக்குக் காபியும் கசகசா கேக்கும் வைத்துச் சொன்னார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு சினிமாவுக்கு நாற்பத்தொன்றாம் காட்சியாக எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கு வந்தது துக்கம் இல்லை. நல்ல காட்சி மாட்டிவிட்டது என்ற பெருமை.

எகோனுக்கு எண்பத்திரண்டு வயது. நாற்பது வருடம் பெர்லின் ஓட்டல்களில் பரிமாறியவர். மேசையில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் ஆர்டரைக் காகிதத்தில் குறித்ததில்லை என்பது அவருடைய கர்வம். 1937இல், ஆணைக் காதலித்த குற்றத்துக்காக நாஜி போலீஸ் அவரைப் பிடித்தது. கூட இருந்தவன் யார் என்று கேட்டு அடித்தார்கள். இரண்டாம் நாள் பெயரைச் சொல்லிவிட்டார். லூட்ஸ். எகோனுக்குப் பதினெட்டு மாதச் சிறை. லூட்ஸுக்கு வதைமுகாம், சட்டையில் ஆணைக் காதலித்தவன் என்று அடையாளம் காட்டும் இளஞ்சிவப்பு முக்கோணம். லூட்ஸ் திரும்பி வரவில்லை.

"அந்தக் காட்சி படத்துல இருக்கணும் தம்பி," என்றார் எகோன். "இல்லேன்னா சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன். என்னை நல்லவனாக் காட்டுற படத்துக்கு வேற கிழவனைப் பிடிச்சுக்கோங்க."

2

இதே கதைக்கு நான் எழுதி அடித்த தொடக்கங்கள்:

மார்ச் மாதக் கடுங்குளிரில் ஓர் இளைஞன் — வேண்டாம். குளிரில் தொடங்காத நாஜிக் கதையை யாராவது எழுதினால் சொல்லி அனுப்புங்கள்.

காதலுக்கும் துரோகத்துக்கும் நடுவே இருப்பது ஒரு — இதை எழுதிய கையை நானே அடிக்க வேண்டும்.

எகோன் அந்தப் பெயரைச் சொன்னதால்தான் லூட்ஸ் — இதுதான் சரி என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

(அடைப்புக்குறிக்குள் ஒன்று. நானும் ஆண்களைக் காதலிப்பவன்தான். என் துணைவன் பேர்ந்டும் நானும் பால்கனியில் தக்காளி வளர்க்கிறோம். யாரும் என்னை அடித்து அவன் பெயரைக் கேட்டதில்லை. எகோனை எடைபோட எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் எழுதும்போது எடைபோட்டேன்.)

போர் முடிந்தும், ஆணை ஆண் காதலிப்பதைக் குற்றமாக்கிய அந்தச் சட்டம் முடியவில்லை என்பதால் எகோன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிறகு காதலர் ஒருவர் பதினோரு வருடம் புதன்தோறும் அவர் வீட்டுக்கு வந்துபோனாராம். அவருக்குச் சாவி கொடுத்ததில்லை, குடும்பப் பெயரையும் கேட்டதில்லை. "தெரியாத பேரை யார் அடிச்சாலும் சொல்ல முடியாதுல்ல?" என்றார் எகோன். அந்த மனிதர் பன்னிரண்டாம் வருடம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

3

படத்தின் கலைப் பிரிவுக்கு அந்தக் காலத்து விசாரணைத் தாள் ஒன்று மாதிரிக்கு வேண்டியிருந்தது. ஆவணக் காப்பகத்தில் எகோனின் கோப்பை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னபடியேதான் இருந்தது. கைது மார்ச் 10. பெயரைச் சொன்னது மார்ச் 11. கீழே அவருடைய கையெழுத்து.

அதே கோப்பில் லூட்ஸைப் பற்றிய இரண்டு தாள்கள் செருகியிருந்தன. ஒன்று மார்ச் 4ஆம் தேதி வந்த மொட்டைக் கடிதம். லூட்ஸையும் எகோனையும் பெயர், விலாசத்தோடு காட்டிக்கொடுத்திருந்தது. இன்னொன்று லூட்ஸின் கைது அறிக்கை. தேதி, மார்ச் 9.

மூன்று முறை படித்தேன். எகோன் வாய் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே லூட்ஸ் போலீஸ் பிடியில் இருந்திருக்கிறான். இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சந்தித்ததால் எகோனுக்கு அது தெரியவில்லை. போலீஸார் தங்களுக்குத் தெரிந்த பெயரையே அடித்துக் கேட்டுவிட்டு, மறுநாள் காலை, "உன் புண்ணியத்துல அவனைத் தூக்கியாச்சு" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அறுபது வருடமாக அவர் அதை நம்பிக்கொண்டிருக்கிறார்.

4

இப்போது என்னைக் கொஞ்சம் திட்டிக்கொள்ளுங்கள். நகல் எடுத்த தாள்களை நான்கு நாள் பையிலேயே வைத்திருந்தேன். கிழவருக்கு அதிர்ச்சி ஆகாதா என்று பேர்ந்டிடம் சாக்குச் சொன்னேன்.

"உன் காட்சி போயிடும்னு பயம். அதுக்கு அவர் உடம்பை ஏன் இழுக்கிறே?" என்றான் அவன்.

(இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

5

சினிமாவில் எதையும் வரிசையாக எடுப்பதில்லை. அந்த வியாழக்கிழமை விடிந்ததும் முகாம் காட்சி. அடுத்து 41. பிற்பகலில் 3, அதாவது எகோனும் லூட்ஸும் ஓட்டலில் முதன்முதலாகச் சந்திப்பது. நடுவில் எல்லாருக்கும் பட்டாணி சூப்.

41ஐ எடுக்கும்போது எகோன் கேமராவுக்குப் பின்னால் தொப்பியைப் பிடித்தபடி நின்று பார்த்தார். அந்த நிற்பைப் பார்த்த பிறகு என்னால் மறைத்துவைக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கூடாரத்தில் அவர் முன்னால் தாள்களை வைத்தேன். "தேதியைப் பாருங்க ஐயா," என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டினார். ஒன்பது. பதினொன்று. திரும்பவும் ஒன்பதுக்கு வந்தார்.

"ஆர்டர் எடுக்கிறதுக்கு முன்னாடியே சாப்பாடு மேசைக்குப் போயிருக்கு," என்றார். "நாற்பது வருஷத்துல நான் பண்ணாத தப்பு."

பிறகு அழுதார். இயக்குநர் மார்லீஸ் கைக்குட்டை தேடினாள், கிடைக்காமல் மேசைத்துணியின் ஓரத்தை நீட்டினாள். அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவன் என் பேரைச் சொன்னானா?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் கோப்புல இல்லை ஐயா."

"சொல்லியிருந்தா நல்லது. ரெண்டு அடி குறைஞ்சிருக்கும் அவனுக்கு."

எதிரே லூட்ஸாக நடிக்கும் டீமோ, முகாம் உடுப்போடு, வாய் நிறைய சூப்போடு உட்கார்ந்திருந்தான். "அப்போ நீங்க பேரைச் சொன்னதைப் பத்தி அவரும் அதைத்தானே நினைச்சிருப்பார்," என்றான். ரொட்டி கேட்பவன் குரலில்தான் சொன்னான்.

எகோன் அவனையே பார்த்தார். முகாம் உடுப்பு, முக்கோணம், மீசையில் ஒட்டிய பட்டாணி. பிறகு எழுந்து, அவன் காலித் தட்டை எடுத்துப் போய்ச் சூப் நிரப்பி, ஓட்டல் வழக்கப்படி இடப்பக்கமாக நின்று பரிமாறினார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அவருக்கு இறங்கியது எத்தனை கல்லோ, அது எனக்கு எழுத வரவில்லை.

6

இனி 41ஐ என்ன செய்வது?

முடிவு ஒன்று: வெட்டிவிடுவது. மார்லீஸ் சம்மதித்தாள். எகோன் சம்மதிக்கவில்லை. "சொன்னது சொன்னதுதான். இருக்கட்டும். ஆனா சுவத்துல ஒரு நாட்காட்டி மாட்டுங்க. பதினொண்ணுன்னு தெரியணும். அதுக்கு முன்னாடியே லூட்ஸைப் பிடிக்கிறதைக் காட்டிடுங்க. அடிவாங்குற அந்தப் பையனுக்குத் தெரியாதது பார்க்கிறவங்களுக்குத் தெரியட்டும்."

முடிவு இரண்டு: மொட்டைக் கடிதம் எழுதியவரைத் தேடி — இல்லை. அந்த ஆளுக்கு என் கதையில் நாற்காலி கிடையாது.

முடிவு மூன்று என்னிடம் இல்லை. நாட்காட்டி மாட்டி 41ஐ மறுபடி எடுத்தோம், பிறகு மூன்றாம் காட்சிக்குப் போனோம். டீமோ உடுப்பு மாற்றிக்கொண்டு ஆறாம் மேசையில் உட்கார்ந்தான். இளம் எகோனாக நடிப்பவன் ஆர்டர் எடுக்கக் குறிப்புப் புத்தகத்தை நீட்டினான்.

"அதைப் பையில போடு," என்று பின்னாலிருந்து கிழவர் சத்தம் போட்டார். "நான் எழுதிக்க மாட்டேன். அவனையும் அவசரப்படுத்தாதே. லூட்ஸ் என்ன வேணும்னு உடனே சொல்ல மாட்டான், முதல்ல மூஞ்சியைத்தான் பார்ப்பான்."

41, 3 என்று இரண்டு துண்டுப் படச்சுருள்கள் இப்போது உங்கள் கையில். எதை முன்னால் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்று நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள். நான் கிளம்பும்போது கேமரா ஓடிக்கொண்டிருந்தது. லூட்ஸ் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். சாப்பிட இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.