ஆண்டவர் ஆஜர் இல்லை

“பொட்டி எங்கடா? ஆர்மோனியத்தோடதான வரச் சொன்னேன்?” என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதும் எனக்குக் குழப்பமாகிவிட்டது. அடிக்கக் கூப்பிட்டவருக்கு ஆர்மோனியம் எதற்கு? வெளியே மாட்டுவண்டியில் கிடந்ததைத் தூக்கி வந்து தரையில் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் அங்கமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “நேத்து அரியலூர்ல என்னமோ பேசினீங்களாமே, கூட்டமே உருண்டு உருண்டு சிரிச்சுச்சாமே. அத இங்க பேசு. நானும் சிரிக்கிறேன்” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஏட்டு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் நாடகத்தில் நான் ஆர்மோனியம், அங்கமுத்து பபூன். ராஜா வருவதற்கு முன்னால் பபூன்தான் மேடைக்கு வருவான். அவனுக்கு எழுதிக் கொடுத்த வசனம் கிடையாது. வாயில் வந்ததைப் பேசுவான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே “அப்படியா? அப்புறம்?” என்று எடுத்துக் கொடுப்பேன். யுத்த காலம், மண்ணெண்ணெய் கிடைக்காததால் நாடகமெல்லாம் மத்தியானத்துக்கு மாறியிருந்தது. வெயிலில் உட்கார்ந்திருக்கும் சனத்தைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அங்கமுத்து சிரிக்க வைத்தான்.

அவன் பிறந்த சாதியைச் சர்க்கார் ரேகைச் சட்டத்தில் சேர்த்திருந்தது. திருடினானா இல்லையா என்ற பேச்சே கிடையாது, பிறந்ததே குற்றம். ஆம்பிளைகள் எல்லாரும் பத்து விரலையும் மையில் அழுத்திக் கொடுத்துவிட்டு, தினமும் பொழுது சாயும்போது ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நிற்கவேண்டும். பெயரைக் கூப்பிட்டால் “இருக்கேங்க” என்று சொல்லவேண்டும். வெளியூருக்கு நாடகத்துக்குப் போக ஏட்டிடம் கெஞ்சிச் சீட்டு வாங்கவேண்டும். நான் வரதராஜன்பேட்டை வேதக்காரன், கிறிஸ்தவன், எனக்குச் சீட்டு வேண்டாம். ஒரே வண்டியில் போகிற இரண்டு பேரில் ஒருத்தன் மடியில் மட்டும் அந்தச் சீட்டு. 

அவனுடைய அண்ணன் பெயர் ஆண்டவர். பெற்றவர்கள் பக்தியோடு வைத்த பெயர். தை மாசம் குன்னத்துப் பக்கம் ஒரு பண்ணையார் களத்தில் இரண்டு மூட்டை பருத்தி காணாமல் போனது. அன்றைக்கு ஆண்டவர் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். படுத்தவரை அப்படியே இழுத்துப் போனார்கள். இரண்டு நாள் அவர் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. மூன்றாம் நாள் சத்தம் இல்லை. “தப்பிச்சு ஓடிட்டான்” என்றார்கள். அன்று காலையில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓடைக்கரையில் விறகு எரிந்ததை ஆடு மேய்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். பருத்தியைப் பெரம்பலூரில் விற்றவன் பண்ணையாரின் மருமகன் என்பது பிறகு தெரிந்தது. யாரும் அவன் விரலை மையில் அழுத்தவில்லை.

நோட்டில் ‘தலைமறைவு’ என்று எழுதினார்கள். செத்ததாக எழுதினால்தானே பெயரை அடிக்க முடியும்? அதனால் மூன்று மாசமாகத் தினமும் சாயங்காலம் “ஆண்டவர்” என்று கூப்பிட்டு, பதில் வராததால் ‘ஆஜர் இல்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தார் ஏட்டு. ஆண்டவரின் மனைவி சம்பூர்ணம் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து ஓய்ந்துபோனாள். ஒருநாள் என்னிடமே கேட்டாள்.

“திருடன்னு வேணும்னாலும் எழுதிக்கட்டும்ண்ணே. செத்துட்டாருன்னு ஒரு வார்த்த எழுதச் சொல்லுங்க. கருமாதி பண்ணணும். பூவும் பொட்டுமா நிக்கிறேன், பாக்கிறவளுவெல்லாம் புருசன எங்க ஒளிச்சு வெச்சிருக்கன்னு கேக்கிறாளுவ.”

 பக்கத்தில் இருந்த அங்கமுத்து அவளிடம், “அண்ணி, நான் எழுத வைக்கிறேன்” என்றான். எப்படி என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அரியலூரில் மாரியம்மன் திருவிழா. மேடைக்கு வந்தவன் ஒரு சுற்று ஆடிவிட்டு என் பக்கம் திரும்பினான். “ஆர்மோனியம் அண்ணே, எங்கூரு ஸ்டேஷன் நோட்டுல ஆண்டவர் பேரு இருக்கு, தெரியுமா?”

அண்ணன் பேச்சை அவன் மேடையில் எடுப்பான் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் பழக்கதோஷம், “ஆண்டவர் பேரா? அது எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

“ஆண்டவரு எங்கயும் இருப்பாருன்னு நீங்க சொல்றீங்க. ஏட்டய்யா சொல்றாரு, அதெல்லாம் எங்கயும் இருக்கக்கூடாது, சீட்டு வாங்கிட்டுத்தான் இருக்கணும்னு!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“பருத்தி காணாமப் போச்சு. பண்ணையாரு, ‘ஆண்டவரத்தான் கேக்கணும்’னாரு. கேட்டாங்கண்ணே. ரெண்டு நாளு நல்லாக் கேட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஆண்டவரு கண்ணுக்குத் தெரியாமப் போயிட்டாரு. இப்ப தெனம் பொழுது சாஞ்சா ஆண்டவரே, ஆண்டவரேன்னு கூப்புடுறாங்க. போலீசு மாதிரி பக்தி யாருக்கு வரும்?”

முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பின்னால், விஷயம் தெரிந்த எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிக்கவே இல்லை. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த ஒரு சிவப்புத் தலைப்பாகைப் போலீஸ்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனதை நான் பார்த்தேன்.

அந்தப் பேச்சைத்தான் இப்போது ஸ்டேஷனில் திரும்பப் பேசினோம். அதே வார்த்தைகள், அதே “அப்புறம்”. சிரிக்க ஆள் இல்லாத இடத்தில் அது சாட்சி சொல்வதுபோல இருந்தது.

“ஆண்டவர்னா யாருடா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“சாமிங்க” என்றான் அங்கமுத்து.

“எந்தச் சாமி?”

அங்கமுத்து அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினான். மேடையில் திரும்புகிற அதே திரும்பல். இதை அவன் அரியலூரில் பேசவில்லை.

“அண்ணே, ஒங்க வேதத்துல ஆண்டவரு எப்புடிச் செத்தாரு?”

 நான் சொல்லாமல் விட்டிருந்தால் அவன் அங்கே தனியாக நின்றிருப்பான். “சேவகருங்க புடிச்சிட்டுப் போயி அடிச்சாங்க. அதுலதான்” என்றேன்.

“செத்தாருன்னு எழுதி வெச்சிருக்காங்களா?”

“எழுதியிருக்காங்க. சுவிசேஷம் எழுதுன நாலு பேரும் எழுதியிருக்காங்க.”

“நாலு பேரா!” கையைத் தட்டினான். “இங்க ஒரே ஒரு ஏட்டய்யா, அவரும் எழுத மாட்டேங்கிறாரே!”

ஏட்டுக்கு உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் பெல்ட்டைக் கழற்றினார். அதன் பித்தளைக் கொக்கி அங்கமுத்துவின் வாயில் விழுந்தது. ஒரு பல் என் ஆர்மோனியக் கட்டைமேல் வந்து விழுந்தது. மறுபடியும் வாயிலேயே அடித்தார். வேறு எங்கும் அடிக்கவில்லை, பேசுகிற இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஒரு அறையோடு சரி. எனக்காகக் கேட்க எங்கள் வேதக்கோயில் சாமியார் இருக்கிறார், அவனுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்? அந்த ஒற்றை அறையை நான் இன்னும் மறக்கவில்லை, அவ்வளவு வெட்கம். “இனி இவனுக்குச் சீட்டு கெடையாது” என்று சொல்லிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில் ஏறிப் போனார்.

பொழுது சாய்ந்தது. நான் வண்டியைக் கட்டாமல் அங்கேயே நின்றேன். முப்பது பேர் வரிசையில் வந்து நின்றார்கள். அங்கமுத்து வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு நின்றான். விஷயம் பரவி, பெண்களும் வந்து வேலியோரம் நின்றார்கள். ஏட்டு வாசலில் மேசையைப் போட்டு நோட்டைப் பிரித்தார். வீட்டு வரிசைப்படிதான் பெயர் வரும். முதலில் அண்ணன், அப்புறம் தம்பி.

ஏட்டு வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, “அங்கமுத்து” என்றார்.

அங்கமுத்து பேசவில்லை. வாய் வீங்கியவன் என்று ஏட்டு விட்டுவிட்டார். அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

“அய்யம்பெருமாள்.”

அய்யம்பெருமாள் கல்லுப் போல நின்றார்.

“என்னய்யா, வாயில கொழுக்கட்டையா?”

“ஒரு பேரு வுட்டுப்போச்சுங்க” என்றார் அய்யம்பெருமாள்.

“எந்தப் பேரு?”

ஒருவரும் சொல்லவில்லை. அதற்கடுத்த பெயரைக் கூப்பிட்டார், அதற்கடுத்ததையும் கூப்பிட்டார். முப்பது பேரும் இருந்தார்கள், ஒருவரும் “இருக்கேங்க” என்று சொல்லவில்லை. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய், துண்டுக்குள்ளிருந்து அங்கமுத்துவும் சிரித்தான். துண்டு சிவந்தது.

சம்பூர்ணம் வேலியைத் தாண்டி வந்து மேசைக்கு எதிரே நின்றாள்.

“கூப்புடுங்கய்யா. வரலேன்னா, ஏன் வரலேன்னு எழுதுங்க.”

ஏட்டு பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். நோட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டே இருந்தார். முள் நுனியில் மை ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது.