பின்வாசலில் உதறிய சட்டை

ஏழாவது படியிலேயே அவள் நின்றுவிட்டாள்.

"நெஞ்சு டாக்டரைக் கொண்டுபோய் ரெண்டாவது மாடியில வெச்சிருக்கான் பாரு," என்றார் அவள் கணவர், ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு. "பல் டாக்டர் கீழே. பல்லு வலிக்கிறவன் என்ன, பல்லாலயா படி ஏறுவான்?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்புக்கு வேண்டிய மூச்சு இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, "நீங்க முன்னால போங்க. டோக்கன் தாண்டிடப் போகுது," என்றாள்.

"டோக்கன் தாண்டினா தாண்டட்டும். நான் தாண்டிப் போக மாட்டேன்."

அறுபத்தாறு வயது அவருக்கு. தெருவில் எல்லோருக்கும் அவர் பிரேக் மாமா. பஸ், லாரிகளின் பிரேக் லைனிங்கைத் தேய்த்துப் பொருத்தும் பட்டறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்றும் தண்ணீர் கேனைத் தோளில் தூக்கி வைத்தால் வீட்டுக்குள் வந்துதான் இறக்குவார். "தூசுக்குள்ளயே பொழுது விடிஞ்சு தூசுக்குள்ளயே பொழுது போனவன் நான். ஒரு தும்மல் உண்டா?" என்று கேட்பார். யாரும் பதில் சொன்னதில்லை. சொல்லும்படி அவருக்கு ஒரு நோயும் வந்ததில்லை.

வந்தது அவளுக்கு. நான்கு மாதமாக வலது விலாவில் ஒரு பாரம். சளி என்றார்கள், வாயு என்றார்கள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு எடுத்தார்கள். மூன்றே வாரத்தில் மறுபடியும் கோத்துக்கொண்டது. இந்த முறை உள்ளேயிருந்து கொஞ்சம் சதையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கு அதன் முடிவு.

டாக்டருக்கு மகள் வயதுதான் இருக்கும். காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "அம்மா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"வேலையா? சும்மா வீட்டுலதான் இருந்தேன்."

"சும்மா இருந்தாளாம்!" என்றார் அவர். "என்னையும் எங்க பொண்ணையும் மேய்ச்சது யாரு?"

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க?"

அவர் பட்டறையைப் பற்றிச் சொன்னார். உற்சாகமாகவே சொன்னார். பழைய லைனிங்கைப் பெயர்ப்பது, புதுப் பட்டையை ரிவிட் அடிப்பது, டிரம்மின் வளைவுக்குச் சரியாக உட்காரும்வரை சாணையில் தேய்ப்பது. மாலையில் ஒவ்வொருவன் தலையும் மாவு மில்லில் வேலை பார்த்தவன் தலை போல இருக்கும் என்றார்.

"அந்தத் துணியெல்லாம் யார் துவைப்பாங்க?"

"பட்டறையிலயே ஒரு தொட்டி இருந்தது. எல்லார் சட்டையும் ஒரே தொட்டி. ஒரு தடவை எவனோ என் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போயிட்டான். அதோட நான் வீட்டுக்கே எடுத்துட்டு வந்துடுவேன். ஆனா ஒண்ணு டாக்டர், வீட்டுக்குள்ள ஒரு தூசு வர விட்டதில்லை. பின்வாசல்லயே சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுத்தான் உள்ளே காலை வைப்பேன். அவ அங்கேயே உதறிடுவா."

"உதறாம நனைச்சா வாளி சேறாயிடும்," என்றாள் அவள். தன் வேலையைப் பற்றி முதல் தடவையாக ஒரு டாக்டர் கேட்கிறார் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "பத்து உதறு உதறணும். கடைசி உதறுல சட்டை சாட்டை மாதிரிச் சத்தம் போட்டா தூசு போச்சுன்னு அர்த்தம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். திறந்தார். மறுபடியும் மூடினார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு எடை பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"நீங்க கேட்டுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ். தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாக அது காற்றில் கலக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தைத்துக்கொள்ளும். நிறைய ஊசிகள் திரும்பி வராது. முப்பது, நாற்பது வருடம் சும்மா கிடந்துவிட்டு, பிறகு நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் புற்றுநோயாக முளைக்கும். அம்மாவுக்கு முளைத்திருக்கிறது.

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஃபைல் மாறியிருக்கும் டாக்டர். தேய்ச்சவன் நான்."

"மாறலை ஐயா."

"அவ பட்டறை வாசலைக்கூட மிதிச்சதில்லை."

"பட்டறைதான் சட்டையோட தினமும் வீட்டுக்கு வந்திருக்கே."

சுவரில் நுரையீரல் படம் ஒன்று மாட்டியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஏன் வரலை?"

"தெரியலை. ஒரே தூசுதான். சிலருக்கு வருது, சிலருக்கு வரதில்லை."

"சரி, மருந்தைச் சொல்லுங்க. எந்த ஊரானாலும் கூட்டிட்டுப் போறேன்."

"மருந்து ஏத்தலாம். கொஞ்ச நாள் தள்ளிப்போடும். நீர் சேரச் சேர எடுக்கலாம், வலியைக் குறைக்கலாம். முழுசா..."

பிரேக் பிடிக்காமல் வரும் வண்டியைப் பார்த்தால் எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் அவர். கழற்றினால் அரை நாள், மாட்டினால் அரை நாள். கழற்ற முடியாத ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

வெளியே அவள் பஞ்சை முழங்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"நீர்தான். வயசாச்சுல்ல."

அவள் அவர் காதைப் பார்த்தாள். எழுந்து நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபேனைப் போட்டு அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். தலையணையை முதுகுக்குக் கொடுத்தார், எடுத்தார், மறுபடியும் கொடுத்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார்.

"ஒரு இடத்துல உட்காருங்க. பொய் சொன்னா உங்க காது சிவந்துடும். கல்யாணம் ஆன வாரத்துலயே கண்டுபிடிச்சுட்டேன். ஆஸ்பத்திரியில ஆரம்பிச்ச சிவப்பு இன்னும் போகலை. சொல்லுங்க."

சொன்னார். சொல்லி முடித்ததும் தரையில் அவள் காலருகே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் கொண்டு வந்து கொடுத்தேன்," என்றார். "என் கையாலயே."

"நல்லா இருக்கே. மல்லிப்பூவா கொண்டு வந்தீங்க, தனியாப் பெருமை அடிச்சுக்க? அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்தவனுக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொட்டியிலயே போட்டிருக்கலாம். ஒரு சட்டை மாறிப் போச்சுன்னு..."

"ஆமா. புதுச் சட்டை. நீலக் கோடு போட்டது. நான்தான் அன்னிக்குச் சண்டை போட்டேன், இனிமே வீட்டுக்குக் கொண்டு வாங்கன்னு." அவள் மூச்சுக்காக நின்றாள். "ஆளுக்குப் பாதி வெச்சுக்கலாம், விடுங்க."

அவர் அவள் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். பிறகு திடீரென்று அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க... நம்ம பொண்ணு?"

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கை அந்தரத்திலேயே நின்றது.

நான்கு வயதுக் குழந்தைக்கு அது ஒரு விளையாட்டு. அப்பாவின் சைக்கிள் மணி கேட்டதும் பின்வாசலுக்கு ஓடி, அம்மா உதறும் சட்டைக்கு நேர் கீழே போய் நிற்கும். சாய்ந்த வெயிலில் தூசு பறப்பது மினுமினுவென்று தெரியும். இரண்டு கையாலும் அதைப் பிடிக்கக் குதித்து, "இன்னொரு தடவைம்மா! இன்னொரு தடவை!" என்று கத்தும். அவள் மேலும் இரண்டு உதறு உதறுவாள். குழந்தை சிரிக்கிறதே என்று.

"பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும் தினமும் நின்னா," என்றாள்.

மகளுக்கு இப்போது முப்பத்தாறு. வேறு ஊரில் பேங்க் வேலை.

மறுநாள் காலை அவர் மட்டும் போய் அதே இரண்டு மாடியையும் ஏறினார். மூச்சு வாங்கவில்லை. அதுவே அவருக்கு அவமானமாக இருந்தது.

"வராமத் தடுக்க ஊசி, மாத்திரை ஏதாவது?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா."

"உள்ளே இருக்கா இல்லையான்னாவது பார்க்கலாமா?"

"அந்த ஊசியைப் படத்துல பார்க்க முடியாது. உள்ளே இருக்கலாம். இருந்தாலும் நோயா மாறும்னு சொல்ல முடியாது. நிறையப் பேருக்கு மாறுறதே இல்லை. விஷயத்தை அவங்ககிட்டச் சொல்லி வைங்க. சிகரெட் பக்கம் போகாம இருக்கட்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி இருந்தா உடனே வரட்டும்."

"அதுவரைக்கும்?"

"சாதாரணமா இருக்க வேண்டியதுதான்."

வீட்டில் அதை ஒப்பித்தார். "சொல்லிடலாம். டாக்டரே சொல்லி வைக்கச் சொல்றாங்க."

"சொன்னா என்ன ஆகும்? மருந்து இருக்கா?"

"இல்லை."

"தடுக்க வழி?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு? இன்னும் நாற்பது வருஷம் ஒவ்வொரு மூச்சையும் அவ எண்ணி எண்ணி விடணுமா?"

"நாளைக்கு ஏதாவதுன்னா, ஏன்ப்பா முன்னாலயே சொல்லலைன்னு கேட்பாளே."

அந்த வாரம் முழுவதும் சாப்பிடும்போதும் மாத்திரை கொடுக்கும்போதும் ஒருவர் சொல்லலாம் என்பார், மற்றவர் வேண்டாம் என்பார். வியாழக்கிழமை அவள் சொல்லலாம் என்றாள், அவர் வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அம்மாவுக்கு என்ன நோய் என்பது மட்டும் போனிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆட்டோவில் அழுது முடித்துவிட்டு வந்தவள் போல முகம் கழுவிய ஈரத்தோடு நுழைந்தாள். பையை வைத்ததும் அம்மாவின் தலையைத் தடவினாள், அப்பாவைப் பார்த்து, "என்ன மாமா, சட்டையெல்லாம் கசங்கிக் கிடக்கு? பிரேக்குக்கே பிரேக் டவுனா?" என்றாள். அவரைச் சீண்ட வேண்டுமென்றால் தெருப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

அவர் துவைத்து வைத்திருந்த துணி வாளியை அவளே தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். பெரிய துண்டு ஒன்றை எடுத்துப் பிழிந்து, இரண்டு முனையையும் பிடித்து, அம்மா உதறும் அதே வாகில் கையை ஓங்கினாள். துண்டு சாட்டை மாதிரிச் சத்தம் போட்டது.

"உதறாதே!"

அவர் பாய்ந்து வந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டார்.

மகள் திகைத்து நின்றாள். பிறகு சிரித்தாள். "அப்பா, துவைச்ச துண்டுப்பா. தண்ணிதான் தெறிக்குது. உதறாமக் காயப்போட்டா சுருங்கும்னு அம்மாதானே சொல்லிக் கொடுத்தாங்க?"

அவர் ஈரத் துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை நனைந்தது. பின்வாசலை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நீ சொல் என்றது அவர் பார்வை. நீங்கள் சொல்லுங்கள் என்றது அவள் பார்வை.

"என்னப்பா? துண்டை ஏன் பிடுங்குறீங்க?"

"சுருங்கினா சுருங்கட்டும்ங்கிறார்," என்றாள் அம்மா.

மகள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த துணியை உதறாமலே கொடியில் போட்டாள். கிளிப்பை எடுக்கக் கையை உயர்த்தியவள், லேசாக ஒரு தடவை இருமினாள்.

அவர்கள் இருவரும் அசையவில்லை.

"ஏசி பஸ்ஸு. தொண்டை கட்டிக்கிச்சு," என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமலே.

"தண்ணி குடிம்மா," என்றாள் அம்மா.

"இதை முடிச்சுட்டுக் குடிக்கிறேன்."

ஒவ்வொரு துணியாகக் கொடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் துண்டை இறக்கவில்லை. அவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தாள். இரண்டாவது இருமல் வருகிறதா என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. வாளி காலியான பிறகும் காத்திருந்தார்கள்.