வெள்ளைக்கல் சுழி

பிரிஜிட் கிறிஸ்தவப் புனிதையா, அதற்கும் முந்தைய தெய்வமா என்ற சண்டை, தேநீர் ஆறுவதற்குள் தீர்ந்துபோயிருந்தது. இரண்டும்தான் என்று விழாக்குழு ஏகமனதாக முடிவெடுத்தது. திருநாளன்று ஃபாதர் கில்ராய் தீர்த்தம் தெளிப்பார். ஃபியாக்ரா தீ வளர்ப்பார். ஃபியாக்ரா போன வருஷம்வரை டப்ளினில் கெவின் என்ற பெயரில் காப்பீடு விற்றவர். தாடி இடுப்பை நோக்கி இறங்கியதும் ஆதி அயர்லாந்தின் பூசாரியாகிவிட்டார்.

திருநாள் காலையில் கிழவி அட்ரக்டா ஊரின் பழைய கோட்டைமேட்டுக்கு வந்தபோது, அடிவாரப் புல்வெளியில் வெள்ளைக்கற்களை, உள்ளே நடந்து போகும்படி ஒரு பெரிய சுழியாக அடுக்கி வைத்திருந்தார்கள். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மண்கரை வளைத்த அந்த வட்ட மேட்டுக்குள் அவள் இதுவரை காலடி வைத்ததில்லை. அங்கே ‘அந்தச் சனங்க’, கண்ணுக்குத் தெரியாத தேவதைக் கூட்டம், குடியிருக்கிறார்கள், மண்ணைத் தொட்டால் மாடு செத்துப்போகும் என்று ஊர் சொல்லும். யாரும் உழவோ தோண்டவோ மாட்டார்கள் என்பதால்தான் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளை அங்கே புதைத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை. மோட்சத்துக்கு வெளியே ஏதோ ஒரு காத்திருப்பு அறையில் என்றென்றைக்கும் உட்கார்ந்திருக்கும் என்று அன்றைய சாமியார் விளக்கினார். நாற்காலி உண்டா என்று அட்ரக்டா கேட்கவில்லை. அப்போது அவளுக்கு இருபது வயது, பால் கட்டிக் காய்ச்சல். அவள் கணவன் ஜார்லத் குழந்தையின் பெட்டியைக் கோட்டுக்குள் மறைத்து எடுத்துப்போனான். தாய் போகக்கூடாது, எங்கே என்று கேட்கவும் கூடாது. வாழ்நாள் முழுக்க அவள் கேட்கவில்லை.

போன மாதம் சாகக் கிடந்தபோது அவனே சொன்னான்: “மேட்டுக்குள்ள வெள்ளைக்கல்லு ஒண்ணு வச்சேன். என் மண்வெட்டி பட்டு ஓரம் பேந்திருக்கும். பாத்தா தெரியும் உனக்கு.”

அவனுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கிளம்பி வந்திருக்கிறாள்.

“வாங்க அட்ரக்டா!” என்றார் ஃபாதர் கில்ராய். நகரத்துப் பிள்ளை, நல்லவர். “இந்தக் கல்லெல்லாம் மேட்டுக்குள்ளே சும்மா சிதறிக் கிடந்துச்சு. பிளீச் போட்டுத் தேய்ச்சோம், பளிச்சுனு ஆயிடுச்சு பாருங்க.”

“கெடந்த எடம்?”

“குழியெல்லாம் நிரவிப் புல்விதை போட்டாச்சு. யாரும் தடுக்கி விழுந்துடக் கூடாதுல்ல?”

ஊரில் நரைத்த தலைகளுக்கெல்லாம் விஷயம் தெரியும். கல் ஏற்றிய வண்டி கடைத்தெரு வழியாகத்தான் போனது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார்களே தவிர, ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தன் வீட்டுக் கல் எது என்று சொல்லவேண்டி வரும்.

அட்ரக்டா சுழிக்குள் நடந்தாள். நடுவுக்குச் சற்று முன்னால் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். ஓரம் பெயர்ந்திருந்தது.

ஃபியாக்ரா நெருங்கி வந்தார். “ஆதிகாலத்துக் கல்லும்மா. கண்ணை மூடுங்க, அதிர்வு தெரியும்.”

“தெரியுது. என் வீட்டுக்காரர் மண்வெட்டி பட்ட அதிர்வு. பொம்பளப் புள்ள. தண்ணி தெளிக்கறதுக்குள்ள போயிடுச்சு.”

ஃபாதரின் முகம் காலர்வரை சிவந்தது. “அய்யோ… எனக்குத் தெரியாதே அட்ரக்டா. அந்தப் பிள்ளைங்களுக்கு மோட்சமில்லன்னெல்லாம் இப்ப யாரும் சொல்றதில்ல. திருச்சபை மாறிடுச்சு.”

“மாறினத அதுககிட்ட யாராச்சும் சொன்னீங்களா?”

“பூமித்தாய் அந்தக் குழந்தையை மடியில ஏத்துக்கிட்டா…” என்று தொடங்கினார் ஃபியாக்ரா.

“விரும்பிக் குடுக்கல, கெவின். வேற யாரும் வாங்கிக்கல.”

கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. சுழியில் விழுந்த ஓட்டையை ஒரு தன்னார்வலர் பக்கத்துக் கல்லை நகர்த்தி மூடினார். கீழே முரசு தொடங்கியது. ஃபாதர், வேறென்ன செய்வதென்று தெரியாமல், தீர்த்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

மேலே, கரை வளையத்துக்குள், மண் ஒரே சீராக, சுத்தமாக, சீப்பால் வாரியதுபோல் கிடந்தது. அங்கங்கே புதுப்புல் ஊசி ஊசியாக முளைத்திருந்தது. எந்தப் பிள்ளை எங்கே கிடக்கிறது என்பதற்கு அடையாளமே இல்லை. அட்ரக்டா ஒரு காலைத் தூக்கினாள். முன்னால் வைக்கவா, பக்கத்தில் வைக்கவா? கல் கனத்தது. முரசும் பாட்டுமாக ஊர்வலம் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் தூக்கிய காலை எங்கும் இறக்காமல் நின்றாள்.