வியர்த்த பெட்டி

படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர்வேன் வாங்கியதிலிருந்து என் மனைவி நோலீன் வழியில் ஒரு அருங்காட்சியகத்தையும் விட்டதில்லை. எங்கள் தென்தீவின் மேற்குக் கரையில் ஊருக்கு ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் அதே தையல் மெஷின், அதே வெண்ணெய் கடையும் பீப்பாய். முப்பது வருடம் கல்குவாரியில் வெடி வைத்தவனுக்கு இதெல்லாம் பொறுமையைச் சோதிக்கிற வேலை. அன்றும் ஒன்றுக்குள் முனகிக்கொண்டேதான் போனேன்.

அங்கே சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும் நைரீ என்ற பெண்மணி, நெற்றியைத் தேய்த்தபடியே சுற்றிக் காட்டினார்.

"ஆறு மாசமா இந்த ரூமுக்குள்ள வந்தாலே தலை பொளக்குதுங்க. மூளைல கட்டியோ என்னமோ. அடுத்த வாரம் ஸ்கேன்."

"எனக்கும் இப்ப வலிக்குது," என்றாள் நோலீன். "டெஸ், பாதாம் வாசனை வரல?"

திரும்பினேன். ஒரு மரப்பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அதுவா? ஆறு மாசம் முன்னாடி யாரோ வாசல்ல வச்சிட்டுப் போனது," என்றார் நைரீ. "உள்ள இருக்கறது டம்மி வெடிக்குச்சிதான். ஆனா அடியில பிசுபிசுன்னு கசியுது. வாராவாரம் தொடைக்கிறேன்."

அந்த வாசனையும் அந்தத் தலைவலியும் எனக்குப் பழக்கம். பழைய ஜெலட்டின் குச்சியிலிருந்து வெடிமருந்து வியர்வைபோல் கசிந்தால் அப்படித்தான்; லேசாகத் தட்டினாலே வெடிக்கும். கை தவறினால் மூன்று பேரும் மிஞ்சமாட்டோம். கத்தினால் நோலீன் துள்ளுவாள், கதவு அறைந்தாலே துள்ளுகிறவள். எதைச் சொன்னாலும் 'ஏன்' என்று கேட்காமல் செய்ததும் கிடையாது.

"நோலீன், தயவுசெஞ்சு அதை அந்தக் கட்டில் மேல மெதுவா வைம்மா."

என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல், காட்சிக்கு வைத்திருந்த அந்தக் கட்டிலின் கம்பளிமேல் வைத்தாள். உள்ளே ஒரு குச்சி உருண்டு 'டக்' என்றது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் ஆகவில்லை.

நோலீனை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, கைப்பையை எடுக்கத் திரும்பிய நைரீயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினேன்.

போலீஸுக்குப் போன் செய்தேன்; சாயங்காலம் ராணுவத்தார் வந்து அதை ஆற்றுப்படுகைக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்ற எங்கள் வேனுக்குள் கோப்பைகள் குதித்தன. நைரீ நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வலி போயிடுச்சு," என்று அழுதார்.

"ஏன்னு கேக்கவே இல்லையே நீ?" என்றேன் நோலீனிடம்.

அவள் உருண்ட கோப்பைகளை எடுத்து அடுக்கினாள்.

"நாப்பத்தோரு வருஷத்துல நீ எங்கிட்ட 'தயவுசெஞ்சு'ன்னு சொன்னதே இல்ல, டெஸ். சாகப்போறோம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."