நான்கு டிராக்டர்களும் ஒரு கட்சுஜியும்

ஜப்பானின் வடக்கே நோபெத்சுவில் ஒரு வீட்டு நிலத்தை இன்னொரு வீட்டு டிராக்டர் உழாது. எல்லை வரைக்கும் ஒழுங்காக வரும். முன்சக்கரம் அடுத்தவர் மண்ணைத் தொட்டதும் என்ஜின் நின்றுவிடும். பின்னால் தள்ளி ஸ்டார்ட் செய்தால் ஒரே முறுக்கில் கிளம்பும், மறுபடி எல்லைக்குக் கொண்டுவந்தால் மறுபடி நிற்கும். மகாபே குடும்பம் விவசாயத்தை விட்டுவிட்டு சப்போரோ நகரத்துக்குக் குடிபோன வருஷம்தான் இது ஊருக்குத் தெரியவந்தது, அதுவரை யாரும் யாருடைய நிலத்தையும் எடுத்துச் செய்யவேண்டி வரவில்லை. பக்கத்து நிலத்துக்காரரான இவாபுச்சி கட்சுஜி, கிளம்பிக்கொண்டிருந்த மகாபேயின் லாரிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் குனிந்து, உங்கள் மண்ணில் ஒரு பிர்ச் கன்று முளைக்க விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஹொக்கைடோவில் கைவிட்ட நிலத்தை முதலில் பிடிப்பது அந்த வெள்ளைப் பட்டை மரம்தான். அது நின்றால் ஊர் தோற்றது என்று அர்த்தம். வாக்குக் கொடுத்த அடுத்த வசந்தத்தில், தன் சின்ன நீல டிராக்டரோடு அந்த எல்லையில் அரை நாள் நின்றார் கட்சுஜி. கூட்டுறவுச் சங்கத்து மெக்கானிக் வந்து டீசல் குழாயைக் கழற்றினான், வடிகட்டியைக் கழற்றினான், ஒயரையெல்லாம் தடவிப் பார்த்தான். "வண்டியில ஒரு குறையும் இல்ல. நிலத்துல ஏதாவது இருந்தா அது என் டிபார்ட்மென்ட் இல்ல" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். வேறு வழியில்லாமல் மகாபே தன் பச்சை டிராக்டரின் சாவியைத் தபாலில் அனுப்பினார். அது தன் நிலத்துக்குள் மாடு தொழுவத்துக்குள் போவதுபோல் போனது.

பிறகு அடுத்த நிலத்துக்காரர் தொகாஷி போனார். பிறகு பிள்ளைகள் யாரும் திரும்பாத உமேட்சு அம்மா முதியோர் இல்லத்துக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் கட்சுஜி தொப்பியைக் கழற்றிக் குனிந்தார், ஒவ்வொரு தடவையும் கொட்டகை ஒரு டிராக்டர் அளவுக்கு நீண்டது. மற்ற ஊர்களில் இரண்டு மூன்று டிராக்டர் வைத்திருப்பவர்கள், ஒன்றில் கலப்பையும் ஒன்றில் விதைக்கும் கருவியும் நிரந்தரமாக மாட்டி வைத்து, குளிரில் கருவி மாற்றும் தொல்லையிலிருந்து தப்பித்துக்கொள்வார்கள். நோபெத்சுவில் எல்லாம் தலைகீழ். ஒரே கலப்பையை நாலு டிராக்டரிலும் மாற்றி மாற்றி மாட்டி, கட்சுஜியின் விரல் நகங்கள் எப்போதும் கறுத்தே இருந்தன. "உங்க வீட்டுக்காரருக்கு டிராக்டர் பைத்தியமா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் அவர் மனைவி கினுயோ, "ஆமா, எனக்கு ஒரு துணி வாங்கிக் குடுக்கச் சொன்னா மட்டும் நின்ன இடத்துல என்ஜின் ஆஃப் ஆயிடும்" என்பாள்.

இரண்டாவது சங்கதியைக் கண்டுபிடித்தவள் கினுயோதான். மகாபேயின் டிராக்டரை ஓட்டிவிட்டு வந்த நாட்களில் கட்சுஜி இடது கையால் சாப்பிட்டார். சூப்பில் கிடந்த வெங்காயத்தைக் கிண்ணத்தின் ஓரமாக ஒதுக்கினார். "அக்கா, உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுக்கிறேன்" என்று மனைவியிடம் மரியாதையாகச் சொன்னார். மகாபே மாதிரி நடித்து விளையாடுகிறார் என்று அவள் சிரித்தாள். தொகாஷியின் டிராக்டரிலிருந்து இறங்கியவர், வீட்டில் இருந்த பழைய ரேடியோவைத் தூக்கி வெளியே வைத்தார். தொகாஷிக்குப் பழைய சாமான் ஒன்று கண்ணில் பட்டால் சாப்பாடு இறங்காது. உமேட்சு அம்மாவின் டிராக்டரிலிருந்து இறங்கியவர் முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தார், ஜன்னல் திரையைப் பார்த்து முகம் சுளித்தார், "ஏம்மா கினுயோ, இந்தக் கலர்ல எவளாவது திரை போடுவாளா?" என்றார். அப்புறம்தான் கினுயோ சிரிப்பதை நிறுத்தினாள். இருந்தாலும் பெரிதாகக் கவலைப்படவில்லை, ஏனென்றால் அதற்கு மருந்தும் கையிலேயே இருந்தது. இருட்டுவதற்குள் கட்சுஜி தன் நீல டிராக்டரில் ஏறி, சொந்த நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் போதும். என்ஜின் மூடிமேல் காகிதத்தில் சுற்றி வைத்த உருளைக்கிழங்கு அதற்குள் வெந்திருக்கும். இறங்கி, தொப்பியை முன்சக்கரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "கினுயோ, உப்பு எங்க?" என்பார். அது கட்சுஜி. வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது. புத்தாண்டுக்கு சப்போரோவிலிருந்து மகாபே போன் செய்வார்.

"அக்கா, நான் உங்க வீட்டுல ஒழுங்கா சாப்பிடுறேனா?"

"நல்லா சாப்பிடுறீங்க. வெங்காயத்த மட்டும் ஒதுக்கிடுறீங்க."

"அது சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்று நிம்மதியாக வைத்துவிடுவார்.

கினுயோ பல் வைத்தியரிடம் போயிருந்த ஒரு மத்தியானம், பழைய வண்டிகளை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் சசமோரி ஊருக்குள் வந்தான். கட்சுஜி அப்போதுதான் தொகாஷியின் டிராக்டரிலிருந்து இறங்கியிருந்தார். கொட்டகையில் இருந்ததிலேயே பழசு, சின்னது, சீட்டுத் துணி கிழிந்தது எதுவோ அதை அவர் கைகாட்டினார். தாடை மரத்துப்போய்த் திரும்பிவந்த கினுயோ காலி இடத்தைப் பார்த்தாள். "ஏங்க, நீல வண்டி எங்க?" என்று கேட்டாள். "அந்த ஓட்டை வண்டியா? தள்ளி விட்டாச்சு அண்ணி. சும்மா எடத்த அடைச்சிட்டு நின்னுச்சு" என்றார் அவள் புருஷன், நல்ல காரியம் செய்த முகத்தோடு. சசமோரிக்குப் போன் போட்டாள். சசமோரி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான், கிடைக்கவே நாளாயிற்று. கிடைத்தபோது, "கப்பல் ஏறிடுச்சேம்மா, தெக்கே எங்கியோ. நம்ம ஆளுங்க யாரு இப்ப அவ்ளோ சின்ன வண்டி ஓட்டுறாங்க?" என்றான்.

அதற்குப் பிறகு கட்சுஜி வீட்டுக்கு வரவில்லை. வீட்டில்தான் இருந்தார், ஆனால் வரவில்லை. விதைப்புக் காலத்தில் மகாபேயும் தொகாஷியும் மாறி மாறி வந்தார்கள். அவர்களுக்குக் கினுயோ கூடத்தில் படுக்கை போட்டாள். பனி பெய்யும் மாதங்களில் தெருவையும் முற்றங்களையும் துப்புரவாக்க உமேட்சு அம்மாவின் டிராக்டரில்தான் பனி வாரும் கருவியை மாட்டுவது வழக்கம், அதனால் குளிர்காலம் முழுக்க உமேட்சு அம்மா இருந்தார். அவரை மட்டும் தன் அறையிலேயே படுக்க வைத்துக்கொண்டாள், இருவருக்கும் திரை விஷயத்தில் ஓயாத சண்டை. கட்சுஜியின் கன்னத்து மச்சம், கட்சுஜியின் கறுத்த நகம் எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே ஆள் இல்லை. கினுயோ சில நாள் சமையல் செய்துகொண்டே சட்டென்று திரும்பி "ஏங்க" என்று கூப்பிட்டுப் பார்ப்பாள். யாராவது ஒருவர் "என்ன?" என்று மரியாதையாகக் கேட்பார்கள்.

மார்ச் மாதம் வந்தால் பனி சீக்கிரம் உருகுவதற்காக ஊர் முழுக்க நிலத்தின்மேல் கரித்தூள் தூவுவார்கள். வெள்ளைச் சமவெளியில் டிராக்டர்கள் கறுப்புக் கோடுகள் போட்டுக்கொண்டு போகும், வெயில் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். மகாபே நிலத்தில் கோடு விழுந்தது, தொகாஷி நிலத்தில் விழுந்தது, உமேட்சு நிலத்தில் விழுந்தது. கட்சுஜியின் சொந்த நிலத்துக்குள் மட்டும் மூன்று டிராக்டரில் ஒன்றும் நுழையவில்லை. கினுயோ வாளியில் கரித்தூளைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்த் தூவினாள். மறுநாள் தூள் அத்தனையும் எல்லைக்கு வெளியே ஓரமாகக் கூட்டி வைத்ததுபோல் கிடந்தது. மே மாதம் சுற்றிலும் கோதுமை பச்சையாக எழும்பியபோது அந்த நிலம் மட்டும் சதுரமாக, வெள்ளையாக இருந்தது. ஆகஸ்டிலும் இருந்தது. அடுத்த வருஷத்துப் பனி அதன் மேலேயே பெய்தது. ஒரு நரி அதற்குள் போவதை ஊரில் பலர் பார்த்திருக்கிறார்கள், வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. கோடையில் அதிலிருந்து வரும் வெளிச்சத்தால் கினுயோவின் சமையலறை இருட்டவே இல்லை. ஊர்க்காரர்கள் முதலில் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். பிறகு திருவிழாவுக்கு வாங்கிய பீர் பாட்டில்களை அதன் ஓரத்தில் புதைத்து வைக்க ஆரம்பித்தார்கள்.

இப்படிச் சில வருஷங்கள் போன பிறகு ஒரு நவம்பரில் போன் வந்தது. பேசியவள் ஒவான் என்ற வியட்நாம் பெண். நோபெத்சுவுக்குப் பக்கத்து ஊர்ப் பால்பண்ணையில் சில வருஷம் வேலை பார்த்தவள், இப்போது மீகாங் ஆற்றுப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறாள். "எங்கண்ணன், தாம்னு பேரு, ஒரு பழைய நீல டிராக்டர் வாங்கினான். அதுல ஏறி உக்காந்தா உங்க ஊர்ப் பேச்சு பேசுறான். முட்டை வேகிற வெயில்ல காது உறையுதுன்னு திட்டுறான். மட்கார்டுல உங்க கூட்டுறவு ஸ்டிக்கர் இருந்துச்சு, அங்க போன் பண்ணி கினுயோன்னா யாருன்னு கேட்டேன். இருங்க, பக்கத்துல போறேன்" என்றாள். என்ஜின் சத்தம் கேட்டது. அதற்கு மேலே ஒரு அந்நியக் குரல், ஆனால் அவளுக்கு நன்றாகத் தெரிந்த அவசரத்தோடு, கத்தியது: "ஏய் கினுயோ! ஊறுகாய்க்கு முள்ளங்கியக் கட்டித் தொங்க விட்டியா இல்லையா?"

"விட்டாச்சு, விட்டாச்சு" என்றாள் கினுயோ.

"எத்தனை தடவை கேக்கறது!" என்றது அந்தக் குரல்.

பக்கத்து அறையில் உமேட்சு அம்மா கட்சுஜியின் விரல்களால் காலுறை தைத்துக்கொண்டிருந்தார். கினுயோ போனை வைத்துவிட்டு நேரே போய் பெட்டியை இறக்கினாள்.

விமானத்தில் உமேட்சு அம்மா பயந்துபோய் அவள் கையை விடவே இல்லை. நீல டிராக்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்ற முடிவோடுதான் கினுயோ போனாள். வெள்ளம் வடிந்த சேற்று வயலில் அது நின்றது. சீட்டில் அவள் கட்சுஜியின் பழைய கால்சட்டையைக் கிழித்துத் தைத்த துணி, வெளிறிப்போய் இருந்தது. என்ஜின் மூடிமேல் வாழையிலையில் சுற்றிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தாம் இறங்கினான், தொப்பியைச் சக்கரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான், அவளைப் பார்த்து "இளைச்சிட்டியே" என்றான். பிறகு கூச்சத்தோடு வீட்டு வாசலுக்குப் போய், தன்னுடைய பழைய கை உழவு இயந்திரத்தை முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டி, தாம் என்ற ஆளாகத் திரும்பிவந்து கும்பிட்டான். அந்தப் பழைய இயந்திரத்தை அவன் விற்கவில்லை. அவன் புத்திசாலி. "எடுத்துட்டுப் போங்கக்கா, உங்களுதுதான்" என்று ஒவானைவிட்டுச் சொல்லச் சொன்னான். ஆனால் அவன் சொல்லாததைக் கினுயோ அதற்குள் பார்த்துவிட்டாள். வாடகைக்கு வந்த பக்கத்து ஊர்ப் பெரிய டிராக்டர் ஒன்று அவன் வரப்பில் முன்சக்கரத்தை வைத்து, என்ஜின் நின்று, சேற்றில் முழித்துக்கொண்டிருந்தது. வண்டி எங்கே நிற்கிறதோ அந்த மண் அதைப் பிடித்துக்கொள்கிறது. இதைக் கொண்டுபோனால் இவன் வயல் என்ன நிறமாகும் என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். வாங்கும் பேச்சை எடுக்கவே இல்லை. "ஒரே ஒரு சுத்து" என்று மட்டும் கேட்டாள்.

கட்சுஜியின் உடம்பை இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். ஐயோ, பாவாடை நனையுதே என்றார் உமேட்சு அம்மா, ஏறும்போது. வண்டி வயலின் கோடி வரை போனது, திரும்பியது. வரும்போதே உட்கார்ந்திருந்த விதம் மாறியிருந்தது. முழங்கால்கள் விரிந்திருந்தன. இறங்கினார். தொப்பி இரண்டு தட்டு.

"கினுயோ, உப்பு எங்க?"

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதற்காகவே கொண்டு வந்திருந்தாள். அவர் கிழங்கைப் பிட்டு அவளுக்குப் பாதி கொடுத்தார், கொளுத்தும் வெயிலைத் திட்டினார், தாமின் வாய்க்கால் மதகு சரியில்லை என்று இறங்கிச் சரிசெய்தார். சில நாள் அங்கேயே தங்கினார்கள். ஒரு மத்தியானம் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது கினுயோ கேட்டாள். "இங்கயே இருந்துடலாமா?"

"மார்ச்சுல மகாபே நிலத்துக்கு யாரு கரி தூவுவா?"

"அவரே வந்து தூவட்டும்."

"வாக்குக் குடுத்திருக்கேன்ல."

"அங்க வந்தா நீங்க நீங்களா இருக்க மாட்டீங்க. தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றார் கட்சுஜி. காலில் ஒட்டிய சேற்றை வழித்துப் போட்டார். "நான் நானா இருக்கிறதாலதான் கெளம்பலாம்ங்கிறேன். தொகாஷியா இருந்தா இங்கயே கால நீட்டிப் படுத்திருப்பேன்."

கினுயோவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த மனுஷனைத்தானே தேடி வந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் திரும்பிவந்த அன்று நோபெத்சுவில் முழங்கால் வரை பனி விழுந்திருந்தது. தெருக் கோடி வீடுகளில் இருந்த கிழவர்களின் கதவுகளைப் பாதிவரை பனி மூடிக் கிடந்தது. கட்சுஜி பெட்டியை வாசலில் வைத்தார், வெள்ளைச் சதுர நிலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கொட்டகைக்குப் போய் உமேட்சு அம்மாவின் டிராக்டரின் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார். "அடுத்த டிசம்பர்ல பாப்போம்" என்றார். "சரிங்க, காதை மூடிக்குங்க" என்றாள் கினுயோ. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அறுவடையான சர்க்கரை பீட் கிழங்கு லாரி ஏறியதும் இருவரும் தெற்கே போவார்கள், பனி கனக்கும் முன்பு வந்துவிடுவார்கள். விமான நிலையத்தில் இருப்பவர்கள்கூட இப்போது போகும்போது ஒரு விதமாகவும் வரும்போது வேறு விதமாகவும் அவரிடம் பேசப் பழகிவிட்டார்கள். மகாபே, தொகாஷி, உமேட்சு நிலங்களில் இதுவரை ஒரு பிர்ச் கன்றும் முளைக்கவில்லை.

திரும்பிவந்த அந்த முதல் நாள், டிராக்டர் சத்தம் தெருக் கோடியில் அடங்கியதும் கினுயோ உள்ளே போனாள். வருகிறவர் பனியை உதறிவிட்டு முழங்காலைச் சேர்த்து உட்காருவதற்குள், நாற்காலியைப் போட்டு ஏறி, ஜன்னல் திரையைக் கழற்றி அவருக்குப் பிடித்த நிறத்தில் வேறொன்று மாட்டினாள்.