இருபத்திரண்டு வினாடி

ஓசூரில் முதலாளிகள் சங்கம் ஒன்று மூன்று நிமிடக் கதைப்படங்களுக்கு விழா நடத்தியது. விதி ஒன்றுதான். பெயர் போடுவதையும் சேர்த்து நூற்றெண்பது வினாடி. ஒரு வினாடி கூடினாலும் படம் வெளியே. என் படம் இருநூற்றிரண்டு வினாடி ஓடியது.

படம் முனிவேலின் கையைப் பற்றியது.

முனிவேல் பாகலூர்க்காரர். நானும் அவரும் ஒரே கம்பெனியில் நைட் ஷிப்ட், பக்கத்துப் பக்கத்து பிரஸ், தகட்டை அழுத்தி வெட்டுகிற மெஷின். தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கைகள் வெளியே இருக்கட்டும் என்றுதான் இரண்டு பட்டன். ஆனால் அப்படிச் செய்தால் கேட்கிற எண்ணிக்கை வராது. ஒரு பட்டனை சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு கை தகடு வைக்கும், ஒரு கை அமுக்கும். எங்கள் லைனில் ஆறு பிரஸ்ஸிலும் டியூப் இருந்தது. ஆடிட் வரும் நாளில் மட்டும் அவிழ்ப்போம்.

அன்றைக்கு முனிவேல் கட்டவில்லை. புது டை போட்டிருக்கிறார்கள், அந்த அச்சு எப்படி இறங்கும் என்று தெரியாது, பயமாக இருக்கிறது என்றார். சூப்பர்வைசர் வந்தார். "டியூப் எங்க? சுத்துறியா, கேட்டுக்கு வெளிய போய் நிக்கிறியா?" என்றார். முனிவேல் சுற்றினார். ஒரு மணி நேரத்தில் வலது கையில் மூன்று விரல் போனது. நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன்.

பாதுகாப்பு விதியை மீறினார் என்று கம்பெனி அவரை வேலையை விட்டு நீக்கியது. நான் அடுத்த வாரமே நின்றுவிட்டேன். அதன் பிறகு எங்கும் வேலைக்குப் போகவில்லை.

"லேபர் ஆபீஸ்ல கேஸ் போட்டிருக்கேன் ஜெகதீசு" என்றார் முனிவேல், அவர் வீட்டில் வைத்து. "சூப்பர்வைசர் சொல்லித்தான் கட்டுனேன்னு நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். வெரலு வராது, வேலையாச்சும் வரும். ஸ்டோர்ல போட்டா ஒத்தக் கையில செஞ்சுக்குவேன்."

எனக்கு அனுபவச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. கம்பெனிதான் தரவேண்டும். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"வார்த்தை எதுக்குண்ணா? படமாவே எடுத்துடலாம். ஊரே பாக்கும்."

அவர் மனைவி சுமலதா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார். "ஊரு பாத்து என்னா ஆவப்போவுது தம்பி? அந்த ஆபீசரு ஒருத்தரு பாத்தா பத்தாதா?"

குருபரப்பள்ளியில் பழைய மெஷின் வாங்கி விற்கும் யார்டு ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை பகலில் எடுத்தோம். முனிவேலாக முனிவேலே நடித்தார். முதலில் இடது கையை மட்டும் காட்டினேன். சூப்பர்வைசர் வேஷம் டீக்கடை சென்னகிருஷ்ணனுக்கு. சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்து, கேமராவை முறைத்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

"என்னைப் பாக்காதடா, அவரைப் பாத்துக் கத்து."

"அவரைப் பாத்தா கத்த வரலியே. தெனமும் நம்ம கடையில போண்டா துன்ற மனுசன். எப்பிடிப்பா வெரட்றது?"

ஒன்பது டேக் எடுத்தேன். ஒன்பதும் தண்டம்.

அவன் வரும் இடம் சரியாக இருபத்திரண்டு வினாடி. அதை வெட்டிவிட்டு ஓடவிட்டேன். படம் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு இடது கை டியூப்பைச் சுற்றுகிறது. பிரஸ் இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. சத்தம் நிற்கிறது. மூன்று விரல் இல்லாத வலது கை வந்து டியூப்பை அவிழ்க்கப் பார்க்கிறது. முடியவில்லை. அவ்வளவுதான்.

முனிவேலுக்குப் போட்டுக் காட்டினேன்.

"சூப்பர்வைசரு எங்க?"

"தேவையில்லண்ணா. சொல்லாமலே புரியும்."

"யாருக்கு?"

"பாக்கறவங்களுக்கு."

தலையாட்டினார். இந்த விஷயத்தில் நான் படித்தவன் என்று நம்பினார். நான் படித்ததெல்லாம் யூடியூப்பில்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாற்பத்து மூன்று படங்கள். பாதிப் படங்களில் யாராவது மொட்டை மாடியில் நின்று போனில் அழுதார்கள். சிறந்த படத்தொகுப்புக்கான பரிசு எனக்கு. பெங்களூரிலிருந்து வந்த நடுவர், "இதுல ஒரு ஷாட் கூட அதிகமில்லை" என்றார். கடைசி வரிசையில் முனிவேல் கைதட்ட முடியாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையிலிருந்து அசோக்குமார் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். எங்கள் கம்பெனியின் எச்ஆர். "பிரமாதம்பா. லிங்க் அனுப்பு. டிரெயினிங்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்." அங்கேயே நின்று அனுப்பினேன். சான்றிதழ் பற்றியும் கேட்டேன். மறுநாளே மெயிலில் வந்துவிட்டது.

சான்றிதழ் வந்ததும் தைரியமும் வந்தது. அடுத்த மாதம் கிருஷ்ணகிரி லேபர் ஆபீஸில் பேச்சுவார்த்தைக்கு முனிவேலோடும் சுமலதாவோடும் நானும் போனேன். சூப்பர்வைசர் சொன்னதை என் காதால் கேட்டேன் என்று ஆபீசரிடம் சொன்னேன்.

கம்பெனி சார்பில் வந்திருந்த அசோக்குமார் லேப்டாப்பைத் திறந்தார்.

"சார், இந்தப் படத்தை எடுத்தது இவர். நடிச்சது முனிவேல். டியூப் சுத்தறது அவரோட சொந்தக் கை. சுத்தச் சொல்லிப் பக்கத்துல யாராவது நிக்கறாங்களான்னு நீங்களே பாருங்க."

ஆபீசர் இரண்டு முறை பார்த்தார்.

"நீங்க எடுத்த படத்துலயே சூப்பர்வைசர் ஏம்ப்பா இல்ல?"

"நேரம் பத்தல சார்."

"கை போனது காட்ட நேரம் இருந்துச்சு. சொன்ன ஆளைக் காட்ட இல்லையா?"

"வெட்டுன துண்டு போன்ல இருக்கு சார்."

"இருக்கும். அதை எப்ப எடுத்தீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? கோர்ட்டுல காட்டிக்குங்க."

பேச்சுவார்த்தை முறிந்தது என்று எழுதினார். கோர்ட்டில் எத்தனை வருஷம் ஆகும் என்று சுமலதா கேட்டார். ஆபீசர் அடுத்த ஃபைலை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஓசூர் பஸ்ஸுக்கு நின்றபோது முனிவேல் இடது கையை நீட்டினார்.

"அந்தத் துண்டைக் காட்டு."

போனைக் கொடுத்தேன். சென்னகிருஷ்ணன் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்து கத்தினான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனிவேல் கடைசி வரை பார்த்தார். சுமலதா பார்க்கவில்லை.

"மோசமாத்தான் நடிக்கிறான்" என்றார் முனிவேல்.

"ஆமாண்ணா."

"அந்த ஆளும் இப்பிடித்தான் கத்துனான்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள். உள்ளே இடம் இருந்தது. நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.