பனிப்புலி திரும்பி வந்தபோது

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சுவரில்தான் தாட்சாயணி அந்தப் போஸ்டரைப் பார்த்தாள். புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். ஏதோ பயிற்சி வகுப்புக்காக வந்திருந்தாள். 'ஏழு கவசம்' சூப்பர்ஹீரோ வரிசையில் இருபத்திமூன்றாவது படமாம். ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்த படத்தில் செத்துப்போன பனிப்புலி, வெள்ளைக் கவசத்தோடு போஸ்டரின் நடுவில் நின்றிருந்தான்.

அவளுக்கு உடனே சந்தியாவின் நினைப்பு வந்தது.

இருவரும் திருப்பதியில் எம்.எஸ்ஸி. படித்தபோது ஹாஸ்டலில் ஒரே அறை. தாட்சாயணி பாலசமுத்திரத்துப் பெண், சந்தியாவுக்கு வரதய்யபாளையம். சந்தியா 'ஏழு கவசம்' கட்சி. தாட்சாயணிக்கு அதன் போட்டிக் கம்பெனி எடுத்த 'கருஞ்சூரியன்' படங்கள்தான் உசத்தி. எந்தப் படம் வந்தாலும் முதல் நாள் முதல் காட்சிக்குச் சேர்ந்தே போவார்கள், தெலுங்கு டப்பிங்கில் பார்ப்பார்கள், ஹாஸ்டல் வரும்வரை சண்டை போடுவார்கள். பெயர்ப்பட்டியல் முடிந்தபிறகு வரும் துண்டுக் காட்சிக்காகத் தியேட்டரே எழுந்திருக்காமல் காத்திருந்த காலம் அது.

கூலி வேலை செய்து தன்னைப் படிக்கவைத்த அப்பா நாகையாவையும் சந்தியா ஒருமுறை படத்துக்கு அழைத்து வந்தாள். பாதிப் படம் தூங்கினார். பனிப்புலியை மட்டும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. "அந்தப் பூன" என்பார்.

கடைசி வருஷம் நாகையா ஆஸ்பத்திரியில் படுத்தார். அதே வாரம் 'ஏழு கவசம்' வரிசையின் பெரிய படம் வந்தது. சந்தியாவால் போக முடியவில்லை. கதையை யாரும் சொல்லக்கூடாது என்று கெஞ்சியிருந்தாள். துணி எடுக்க ஹாஸ்டலுக்கு வந்தவளிடம் பேச்சு வழக்கம்போல எந்தப் படம் உசத்தி என்று போய் முற்ற, தாட்சாயணி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "உன் பனிப்புலியே செத்துட்டான், இன்னா பெரிய படம்?"

சந்தியா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பத்து நாளில் நாகையா இறந்தார். தாட்சாயணிக்கு அங்கே போய் நிற்க முகமில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே ஏழு வருஷம் ஓடிவிட்டது.

போஸ்டருக்கு முன்னால் நின்றே போன் செய்தாள். நம்பர் மாறியிருக்கவில்லை.

"சந்தியா, நான் தாட்சாயணி. பனிப்புலி வந்துட்டான்டி."

"இங்கயும் ஒட்டிக்கீறாங்க. நானும் பாத்தேன்" என்றாள் சந்தியா.

அடுத்த சனிக்கிழமை மதியக் காட்சிக்கு இருவரும் திருப்பதியில் சந்தித்தார்கள். சந்தியா இப்போது தடா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், கண்ணாடி போட்டிருந்தாள். அரங்கில் அவர்களைத் தவிர மூன்று பேர். ஒருவர் படம் தொடங்குவதற்கு முன்பே போனை எடுத்துவிட்டார்.

கதை பிடிபடவில்லை. நடுவில் வந்த இரண்டு சீரியல்களைப் பார்த்திருக்க வேண்டுமாம். கட்டடங்கள் இடிந்தன, நகரங்கள் எரிந்தன, விசில் அடிக்க ஆளில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பனிப்புலி வந்தான். ஆனால் அவன் வேறொரு உலகத்திலிருந்து வந்தவன் என்று படத்தில் ஒருத்தி விளக்கம் சொன்னாள்.

இடைவேளையில் வெளியே வந்து டீ வாங்கினார்கள். 'கருஞ்சூரியன்' கம்பெனியும் இப்படித்தான் செத்தவர்களையெல்லாம் எழுப்பிக்கொண்டிருக்கிறது என்றும், போன வருஷத்தோடு தான் பார்ப்பதை விட்டுவிட்டதாகவும் தாட்சாயணி சொன்னாள். சந்தியா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நைனா ஆஸ்பத்திரில கேட்டாரு. அந்தப் பூன ஜெயிச்சிச்சான்னு. நீ சொல்லி எனக்குத் தெரியும். ஜெயிச்சிட்டான் நைனான்னு சொன்னேன். நீ சொல்லாம இருந்திருந்தா, தெரியாதுன்னு சொல்லியிருப்பேன். பொய் சொல்லி அனுப்பிட்டமேன்னுதான் உம்மேல கோவம்."

"சாவுக்குக் கூட வரலியே நான்" என்றாள் தாட்சாயணி.

"வந்திருக்கணும். வாசலயே பாத்துக்கினு இருந்தேன்."

மணி அடித்தது. இருவரும் உள்ளே போகவில்லை.

"இவன் வேற ஆளாம்டி. நல்லதுதான்" என்றாள் சந்தியா. "அவனே எழுந்து வந்திருந்தா, அன்னிக்கு நான் அழுததுக்கு இன்னா அர்த்தம்?"

முதல் காட்சிக்காக ஹாஸ்டல் வார்டனிடம் சொன்ன பொய்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தார்கள். ஒரு பொய்க்கு சந்தியா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் தாட்சாயணி வரதய்யபாளையம் போனாள். சந்தியாவின் அம்மா கமலம்மா ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. இளைத்துப்போய்விட்டாய் என்று மட்டும் சொல்லி, தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.